ஐப்பசியில் மலை நடக்கப் போகும் பிள்ளைகளுக்கு

தீபாவளி லீவுக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகளிடம் இப்போது ஒரு புதுப் பழக்கம் தொற்றியிருக்கிறது. சப்பாத்தை மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக நடக்கிறார்கள். லண்டனிலும் டொரொண்டோவிலும் பிறந்த பேரப்பிள்ளைகளும் கூடச் சேர்ந்துகொள்கிறார்கள். கண்டிக்குப் பக்கத்து ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ ட்ரெயில் என்ற நடைபாதை வந்த பிறகு இந்த ஆசை கூடிவிட்டது. 22 கட்டங்கள், முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். மிகெல் குனாட் என்ற ஸ்பானியரின் யோசனை அது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவின் யூஎஸ்எயிட்டும் பணம் கொடுத்தன. ஆனால் பாதை பழசு. கொழுந்து மூட்டையும் உர மூட்டையும் போவதற்காக எங்கள் பாட்டன்மார் வெட்டிய ரோடுகளைத்தான் கோத்து ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்.

தோட்டப் பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பஸ் போகாத பள்ளிக்கூடங்களுக்கெல்லாம் காலே வண்டி. வழி கேட்டு வரும் பிள்ளைகளுக்கு வாயால் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. விடிந்ததும் நடையைக் கட்டுங்கள். ஆறு மணிக்கு முதல் அடி விழ வேண்டும். மே தொடங்கி செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று அட்டன், மஸ்கெலியா பக்கத்தை நனைக்கும். டிசம்பரில் வடகிழக்குக் காற்று வந்து ஊவாப் பக்கம் திரும்பும். இரண்டுக்கும் நடுவே கிடப்பதுதான் ஐப்பசி. பெரும்பாலும் பெருங்காற்று இருக்காது. காலையில் வெயில் பள்ளத்தாக்கைச் சுட வைக்கும், ஈரம் மேலே ஏறும், நடுப்பகலில் மேகம் கட்டும், இரண்டு மணிக்கு இடி இறங்கும். காலையில் வானம் கழுவி வைத்தது போல் இருக்கிறதே என்று ஏழெட்டு மணிவரை தேத்தண்ணி குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மலை உச்சியில் வைத்து மாட்டிக்கொள்வீர்கள். பகல் ஒரு மணிக்கு எந்தக் கூரைக்குக் கீழே இருப்போம் என்பதை வீட்டிலேயே தீர்மானித்துவிட்டுக் கிளம்புங்கள். கோயில் மண்டபம், பள்ளிக்கூடம், ஸ்டோரு என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை, எதுவானாலும் சரி. இடி இடிக்கும்போது தேயிலை நடுவே தனியாக நிற்கும் மரத்தடி கூடவே கூடாது. நவம்பரில் ஆறு மணிக்கு முன்னமே சூரியன் விழுந்துவிடும். மூடுபனி இறங்கினால் நாலு மணியே இரவு.

2. முதல் நடைக்குப் பெரிய கணக்குப் போடாதீர்கள். முந்நூறை இருபத்திரண்டால் வகுத்தால் ஒரு கட்டத்துக்குச் சராசரி பதினாலு கிலோமீட்டர். கொழும்பு மெரீன் டிரைவில் அந்தத் தூரத்தை மூன்று மணி நேரத்தில் முடிக்கிற பிள்ளைக்கு இங்கே ஐந்தாறு மணி நேரம் ஆகும். முதன்முதல் நடக்கிறவர்களுக்கு நான் சொல்வது வட்டகொடையிலிருந்து கொட்டகலை. இரண்டு முனையிலும் ரயில் நிலையம். காலில் பலமில்லை என்று தெரிந்தால் நடுவழியில் மெயின் ரோட்டுக்கு இறங்கி பஸ் பிடிக்கலாம். டெவன் அருவியும் சென்கிளயர் அருவியும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன; ஐப்பசியில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. வட்டகொடைப் பக்கம் மடக்கும்பரைத் தோட்டம் வரும். சி.வி.வேலுப்பிள்ளை 1914இல் பிறந்த இடம். 1947இல் தலவாக்கலைத் தொகுதியின் எம்.பி. ஆனவர், அடுத்த ஆண்டே வந்த சட்டம் அவரைத் தேர்ந்தெடுத்த சனங்களின் குடியுரிமையைப் பறித்தது. தோட்டத்துப் பாட்டுகளைத் தேடித் தேடி எழுதிவைத்தவரும் அவரே. அவர் புத்தகம் ஒன்றைப் படித்துவிட்டு அந்த வழியில் போங்கள். பார்க்கிற கண் மாறும்.

ஒரு எச்சரிக்கை. 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலையக ரயில் பாதையைப் பல இடங்களில் அரித்துக்கொண்டு போனது. கிளம்பும் முன் ஸ்டேஷனில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். ரயில் ஓடினாலும் ஓடாவிட்டாலும் தண்டவாளத்தில் நடக்க வேண்டாம். அட்டனுக்கும் கொட்டகலைக்கும் நடுவே சிங்கமலைச் சுரங்கம் இருக்கிறது, அரைக் கிலோமீட்டருக்கு மேல். உள்ளே ஒதுங்க இடமில்லை. படம் பிடிக்கப் போகிறோம் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்.

3. வண்டி ரோடு, குறுக்கு ரோடு என்று மலையில் இரண்டு வகை. வண்டி ரோடு மலையின் இடுப்பைச் சுற்றிச் சுற்றிப் போகும். மாட்டு வண்டி இழுக்கிற அளவுக்கு ஏற்றம் பார்த்து வெட்டியது. குறுக்கு ரோடு தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கும் மலைக்கும் நேராக ஏறும் கல்படி. ஏறும்போது குறுக்கில் ஏறுங்கள், மூச்சுதான் வாங்கும். மழை பெய்தபின் இறங்குவதற்கு வண்டி ரோட்டைப் பிடியுங்கள், அரை மணி நேரம் கூடினாலும் பரவாயில்லை. கல்படியில் பாசி பிடித்திருக்கும். வெறுங்காலோடு குறுக்கில் ஓடி இறங்கும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து ரோசப்பட்டு ஓடியவர்களை டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறேன்.

தேயிலைக்குள் இறங்கி நிரையைக் குறுக்கே தாண்டவே வேண்டாம். செடிக்கு அடியில் கான் வெட்டியிருக்கும். மேலே கொழுந்து மூடிக்கிடப்பதால் பள்ளம் தெரியாது. கணுக்கால் முறிவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. கவ்வாத்து வெட்டிய மலையில் குச்சி கத்தி மாதிரி நிற்கும். மருந்து அடித்த மலையையும் கண்டுகொள்ளப் பழகுங்கள்: தேயிலை பச்சையாக இருக்கும், அடியில் புல் மட்டும் கருகிப் பழுப்பாகக் கிடக்கும். அங்கே உட்காரவும் வேண்டாம், கொழுந்தைக் கிள்ளி மோந்து பார்க்கவும் வேண்டாம்.

4. வழி கேட்டு நடங்கள், போனைப் பார்த்து நடக்காதீர்கள். போனில் இருப்பது கம்பெனி வைத்த ஆங்கிலப் பெயர். சனங்கள் புழங்குகிற பெயர் வேறு. மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு, ஏழாம் நம்பர் மலை, முனியாண்டி கோயில் வளைவு என்றுதான் சொல்வார்கள். இரண்டு பேரிடம் கேளுங்கள். "கிட்டத்தான்" என்று பதில் வந்தால் நம்பிவிடாதீர்கள், அவர்கள் காலுக்கு அது கிட்டம். "கொழுந்து மூட்டையோட போனா எவ்வளவு நேரங்க?" என்று கேட்டால் உங்களுக்கான சரியான கணக்கு வரும்.

அக்கா, அண்ணே, ஆயா, தாத்தா என்று முறை வைத்துக் கூப்பிடுங்கள். வழி தவறிவிட்டால் கொழுந்து மடுவத்தைத் தேடிப் போங்கள். பகல் பன்னிரண்டுக்கும் மாலை நாலரைக்கும் நிறுவைக்கு ஆள் கூடும். லொறித் தடம் பதிந்த ரோட்டைப் பிடித்தால் அது மடுவத்திலோ ஸ்டோரிலோ கொண்டுபோய் விடும். ஞாயிற்றுக்கிழமையிலும் தீபாவளி அன்றும் மடுவம் காலியாகக் கிடக்கும் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

5. நீங்கள் நடப்பது ஒருவருடைய வேலைத்தலத்தில். இதைச் சொன்னால் சில பிள்ளைகளுக்கு முகம் சுருங்குகிறது. "நம்ம ஊர்தானே சார், யாரைக் கேட்கணும்?" என்கிறார்கள். 1992இல் அரசாங்கம் தோட்டங்களைக் கம்பெனிகளிடம் கொடுத்தது. அதனால் அடையாளப் பலகை நட்ட பாதையை விட்டு விலகினால் வாச்சரிடமோ ஆபீசிலோ கேட்டுக்கொண்டு போங்கள். பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். மறித்தால் சண்டை பிடிக்க வேண்டாம். அந்த வாச்சர் மேலிடத்தில் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆனால் உங்கள் கோபத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது, அதையும் தெரிந்துகொண்டு நடங்கள். ஒரு காலத்தில் தோட்டத் துரையின் அனுமதி இல்லாமல் வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ.நடேசய்யர் புடவை வியாபாரி வேடம் போட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு தொழிலாளரைப் பார்க்க லயத்துக்கு லயம் போனதற்குக் காரணம் அதுதான். 1931இல் அட்டனில் அவர் தோட்டத் தொழிலாளர் சம்மேளனம் தொடங்கினார். அவர் மனைவி மீனாட்சியம்மை பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். ஹேவாஹெட்டைப் பக்கம் முல்லோயாத் தோட்டத்தில் 1940 ஜனவரியில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார். ட்ரெயிலின் முதல் சில கட்டங்கள் அந்தப் பக்கத்து மலைகளில்தான் போகின்றன.

அதே பகுதியில் லூல்கந்துரை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்ட இடம். வருகிறவர்கள் எல்லாரும் அவர் உட்கார்ந்த கல் இருக்கையில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். எடுங்கள், நல்ல இடம்தான். 1892இல் டெய்லர் செத்தபோது அவர் உடலை 24 ஆட்கள் இரண்டு குழுவாகப் பிரிந்து மாற்றி மாற்றிச் சுமந்து கண்டிக்குக் கொண்டுபோனார்கள். கிட்டத்தட்ட பதினெட்டு மைல். கனத்த உடம்பு. மாபெரும் துரை என்று பத்துப் புத்தகம் எழுதியிருக்கிறார்கள். அந்த 24 பேரில் ஒருவருடைய பெயரைக் கூட எந்தப் பலகையிலும் நான் பார்க்கவில்லை. அந்த மலையில் ஏறி மூச்சு வாங்கும்போது அவர்களை நினைத்துக்கொள்வது என் வழக்கம்.

6. கொழுந்து பறிக்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களுக்கு ஒரு நாள் பேருக்கு, அதாவது முழு நாள் சம்பளத்துக்கு, பதினெட்டு, இருபது கிலோ எடுத்தாக வேண்டும். கூடையோடு திரும்பிச் சிரிக்கச் சொல்லி அஞ்சு நிமிஷம் நிறுத்திவைத்தால் அந்தக் கொழுந்தை யார் எடுத்துக் கொடுப்பது? பேச ஆசையிருந்தால் தேத்தண்ணி நேரத்துக்குக் காத்திருங்கள். அப்போது அவர்களே உங்களைக் குடைந்து கேள்வி கேட்பார்கள்: எந்தத் தோட்டம், யார் மகன், கல்யாணம் ஆகிவிட்டதா. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

7. பீலியில் தண்ணி பிடிக்கும் முன் "இது குடிக்கிற பீலியா, குளிக்கிற பீலியா?" என்று கேளுங்கள். குடிக்கிற பீலியாக இருந்தாலும் பட்டணத்து வயிற்றுக்குக் கொதித்த தண்ணீரே நல்லது. எந்த வீட்டிலும் சுடுதண்ணி தருவார்கள். மருந்து அடித்த மலைக்குக் கீழே வரும் ஓடைத் தண்ணீரை வாயில் வைக்காதீர்கள்.

ஆம்பிளைப் பிள்ளைகள் கவனமாகக் கேளுங்கள். லயத்துப் பெண்கள் குளிப்பதும் துணி துவைப்பதும் திறந்தவெளிப் பீலியில்தான். வளைவு திரும்பும் முன்னமே பேச்சுக் குரல் கொடுத்துக்கொண்டு வாருங்கள். ஆள் இருந்தால் நின்று, திரும்பி, வேறு வழி பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் தவறினால் அடுத்து வரும் எல்லாருக்கும் அந்த வழி அடைபடும்.

8. அட்டைக்குப் பயந்து நடக்காமல் இருக்க வேண்டாம். நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகி, காலுறையில் காய்ந்த சவர்க்காரத்தைத் தேயுங்கள். கடித்துவிட்டால் நகத்தால் நெம்பி எடுத்துச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும், கலவரப்படத் தேவையில்லை.

9. பயப்பட வேண்டியது குளவிக்கு. அட்டனிலும் லிந்துலையிலும் கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போன செய்தி பத்திரிகையில் அடிக்கடி வருகிறது, செத்தும் போயிருக்கிறார்கள். உயர்ந்த மரக்கிளையிலும் பாறை இடுக்கிலும் கூடு கட்டும், சில வகை தேயிலைச் செடிக்கு உள்ளேயே கட்டும். காற்று அடித்தாலோ பருந்து கூட்டைக் கலைத்தாலோ கீழே இருப்பவன் மேல்தான் இறங்கும். "அந்தப் பக்கம் குளவி இருக்கு" என்று யாராவது சொன்னால் விவாதம் பண்ணாமல் சுற்றிப் போங்கள். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு வராதீர்கள். கலைந்து வந்துவிட்டால் கையை வீசி விரட்டக் கூடாது. தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு ஓடி, கிடைத்த வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்துங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலோ, முகம் வீங்கி மூச்சுத் திணறினாலோ 1990க்குப் போன் பண்ணுங்கள். சுவசெரிய ஆம்புலன்ஸ், காசு வாங்க மாட்டார்கள். இன்ன தோட்டம், இன்ன பிரிவு என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். நடக்கும்போது ஒவ்வொரு பிரிவின் பெயரையும் கேட்டு மனதில் வைத்துக்கொள்ளச் சொல்வது இதற்காகவும்தான்.

10. பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் சிறுத்தை இருக்கிறது. இருட்டுக்கு முன் நடையை முடித்தால் அதற்கும் உங்களுக்கும் ஒரு வழக்கும் இல்லை. அதைவிட ஆபத்து காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணி. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு கருஞ்சிறுத்தை அப்படிப்பட்ட கண்ணியில் சிக்கி, மூன்று நாளில் செத்தது. மரக்கறித் தோட்டத்து ஓரத்திலும் மானாப்புல் காட்டிலும் ஒற்றையடித் தடத்தை விட்டு ஒதுங்காதீர்கள்.

11. மண்சரிவு. இதை நான் மெதுவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் ஐப்பசி கார்த்திகைதான் அதற்குக் காலம். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை வழிந்து லய வரிசைகளை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் பிழைத்து, வீடு இருந்த இடம் தெரியாமல் நின்றார்கள். அந்த மலை ஆபத்தானது என்று பல வருஷம் முன்னாலேயே எச்சரித்திருந்தார்கள். போவதற்கு வேறு இடம் யாரும் கொடுக்கவில்லை. டித்வா புயலில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனை மலை இறங்கியது என்பதை நீங்களே பார்த்தீர்கள்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்டம் மாவட்டமாக எச்சரிக்கை விடுகிறது. இருபத்துநாலு மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை தாண்டினால் விழிப்பு, 100 தாண்டினால் வெளியேறத் தயார், 150 தாண்டினால் வெளியேறு. மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று நிறம் வைத்துச் சொல்வார்கள். நடக்கிறவர்களுக்கு என் கணக்கு அதைவிடக் கடுமை: மஞ்சள் என்றாலே வீட்டில் இருந்து கேரம் விளையாடுங்கள். மழை விட்ட மறுநாளும் மண் ஊறிப்போய்த்தான் இருக்கும்.

பாதையில் பார்க்க வேண்டியவை சில. நிலத்தில் புதிய வெடிப்பு. மரமும் லைட் கம்பமும் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பது. வறண்டு கிடந்த இடத்தில் திடீரென்று ஊற்று. ஓடைத் தண்ணி சேறாக மாறுவது, அல்லது மழை கொட்டும்போதே தண்ணி குறைந்துபோவது. கடைசியாகச் சொன்னதுதான் மிக மோசம். மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஓடைப் பள்ளத்தை விட்டுப் பக்கவாட்டில் ஏறி விலகுங்கள். பழைய சரிவு கிடக்கும் இடத்தில் உட்கார்ந்து சாப்பிடவோ படம் எடுக்கவோ வேண்டாம். சில இடங்களில் அந்த மண்ணுக்குக் கீழே ஆட்கள் இருக்கிறார்கள்.

12. சாப்பாட்டுக்குத் தேங்காய் ரொட்டியும் கட்டைச் சம்பலும் போதும். கெடாது, நசுங்காது, கை கழுவத் தண்ணி இல்லாவிட்டாலும் தின்னலாம். சோற்றுப் பார்சல் கட்டினால் ஏறுவதற்கு மனசு வராது. வெறுந் தேத்தண்ணி லயத்துக் கடையில் குடியுங்கள், பிஸ்கட்டும் அங்கேயே வாங்குங்கள். முந்நூறு கிலோமீட்டர் பாதையால் அந்தக் கடைக்காரருக்குக் கிடைப்பது அவ்வளவுதான். மழைக் கோட்டை நான் நம்புவதில்லை, உள்ளே வேர்த்து நனைந்துவிடும். குடைதான். காற்றில்லாத ஐப்பசி மழைக்குக் குடையே ராஜா.

13. பிள்ளைகளுக்கு டொபி கொடுக்காதீர்கள், பேனையும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியவர்களால் சில லயங்களில் பிள்ளைகள் பள்ளிக்கூடப் பையோடு ரோட்டில் காத்து நிற்கிறார்கள். கொடுக்க மனமிருந்தால் பள்ளிக்கூடத்து அதிபரிடம் கொடுங்கள்.

14. கால் வலி பற்றி. வலிக்கும். முதல் நாள் இறங்கும்போது முழங்கால், இரண்டாம் நாள் தொடை. சுடுதண்ணியில் உப்புப் போட்டுக் காலை வையுங்கள், நகத்தை முதல் நாளே வெட்டிவிடுங்கள், புதுச் சப்பாத்தோடு வராதீர்கள். இதற்கு மேல் மருந்து எனக்குத் தெரியாது. மூன்றாம் நாளும் நடக்க ஆசை வந்தவர்களுக்கு ஒரு தகவல் மட்டும். 2023இல் மலையக மக்கள் வந்து 200 ஆண்டு ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை சனங்கள் நடந்தார்கள், ஜூலை 28 தொடங்கி ஆகஸ்ட் 12 வரை. முந்தின காலத்தில் கோப்பித் தோட்டத்துக்குக் காட்டு வழியில் வந்து, வாந்திபேதியில் வழியிலேயே பலர் விழுந்த அதே திசை. இந்த முறை வழி நெடுகச் சிங்கள, முஸ்லிம் ஊர்களிலும் தண்ணீரும் சோறும் கொடுத்தார்கள். ஒரு தடவையாவது அந்த வழியில் ஒரு பகுதியை நடந்து பார்க்கலாம். மாத்தளைப் பக்கம் வரும்வரை மலை இல்லை, வெயில் மட்டும்தான்.

15. டயகமையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு ஏறும் கட்டத்தை முதல் வருஷம் விட்டுவிடுங்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் குளிர் வேறு மாதிரி. தேசியப் பூங்கா என்பதால் டிக்கெட்டும் நேரக் கட்டுப்பாடும் உண்டு. தனியாகவும் போக வேண்டாம். நாலு பேர் சேர்ந்தால் ஒருவன் காலை முறித்துக்கொண்டாலும் ஒருவர் கூட இருக்க, இருவர் போய் ஆள் கூட்டி வரலாம்.

16. நடந்து முடித்து டவுனுக்கு வந்ததும் பஸ் ஏறும் முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது. வழியில் புது வெடிப்பு, இடிந்த மதகு, சாய்ந்த கம்பம், குளவிக் கூடு எது கண்டிருந்தாலும் அந்தத் தோட்டத்து ஆபீசில் சொல்லுங்கள். ஆபீஸ் பூட்டியிருந்தால் கிராம சேவகரிடம். வெடிப்பு லயத்துக்கு மேலே இருந்தால் யாருக்கும் காத்திராமல் 117க்கு அடித்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்குச் சொல்லுங்கள், லயத்திலும் நாலு வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள். மலை மேலே என்ன நடக்கிறது என்று கீழே குடியிருப்பவர்களுக்குத் தெரியாது. மேலே நடந்து வந்தவர்களுக்குத்தான் தெரியும்.